மேனேஜர் குரைக்கவில்லை

பிழை திருத்துபவர் அந்த அட்டையை மூன்றாவது முறையாகப் படித்தார். அச்சகத்தில் இருபது வருடமாக அவர் பார்க்கும் வேலை அது. மூன்று முறை படிக்காமல் எதையும் நம்பமாட்டார்.

'ஒரு மாதத்தில் நன்றாகக் குரைக்க வேண்டும். இல்லையென்றால் இதயம் தாங்காது.'

"ஏங்க, நெஜமாவே அப்படித்தான் எழுதியிருக்கா?" என்றாள் மனைவி.

"புள்ளி, கொம்பு, கால் எல்லாம் அதனதன் இடத்துல இருக்கு. ஒரு எழுத்து பிசகல."

"டாக்டர் வாயால சொல்லலையா?"

"வாயே திறக்க மாட்டேங்குதுன்னு நான் சொன்னேன். நெஞ்சுல குழாயை வச்சுப் பார்த்தார். அதுக்குள்ள ஊசியை முழுங்குன பூனை ஒண்ணு வந்துடுச்சு. உதவியாளர் பொண்ணுகிட்ட ஏதோ சொல்லிட்டு உள்ள ஓடிட்டார். அவதான் எழுதிக் குடுத்தா."

பேசப்பட்டவர் சோபாவில் படுத்திருந்தார். வெள்ளை பொமரேனியன். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் மற்றவர்களை ஓடவைப்பதால், மகள் வைத்த பெயர் மேனேஜர்.

"மொட்டை அடிச்சுவிட்டா சுறுசுறுப்பு வருமா?" என்றாள் மனைவி.

"அம்மா, அதுக்கு ரெண்டு அடுக்கு ரோமம். வெட்டுனா வெயிலும் தாங்காது, குளிரும் தாங்காது." கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகமே எடுத்து வந்திருந்தாள் மகள். "இதோட முன்னோர் பனியில வண்டி இழுத்தவங்க. கொஞ்சம் கொஞ்சமா சின்னதாக்கி மடியில உக்கார வச்சுட்டாங்க. ஆனா தான் சின்னதுங்கிற விஷயம் அதுக்கு இன்னும் தெரியாதாம். யானையைப் பார்த்தாலும் குரைக்குமாம்."

மேனேஜர் கொட்டாவி விட்டது.

முதல் நாள் பிழை திருத்துபவர் வெளியே நின்று நாற்பது முறை அழைப்பு மணியை அடித்தார். மேனேஜர் ஒருமுறை வந்து வாலாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. நாற்பது முறையும் கதவைத் திறந்து பார்த்தது எதிர் வீட்டு டீச்சர்தான்.

இரண்டாம் வாரம் அவரே தரையில் மண்டியிட்டுக் குரைத்துக் காட்டினார். தெரு நாய்கள் பதில் சொல்லின. மேனேஜர் தலையைச் சாய்த்து, அவருக்காக வருத்தப்படுவதுபோல் பார்த்தது.

கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டு டீச்சர்.

"சார், உங்க நாய் தொல்லை தாங்கல. அதுவும் ஒரு கரகரப்பு. வயசாயிடுச்சா அதுக்கு?"

"நாப்பத்தெட்டு" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. அச்சகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும். படிக்க வேண்டியவர் இவர். காற்றுதான் வந்தது. மதியம் வீட்டுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தார்.

"மேனேஜர் இன்னிக்காவது குரைச்சாரா?"

"நான் குரைக்கிறது உங்க வீடு வரைக்கும் கேக்குதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அது அச்சகத்தின் மேனேஜர்.

அன்றிலிருந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துக் காகிதங்கள் முழுவதும் இவர் தலையில் விழுந்தன.

கடைசியில் புத்தகம் ஒரு வழி சொன்னது. இந்த வகை நாய் தனக்குச் சேரவேண்டியது கிடைக்காவிட்டால் கேட்டு வாங்குமாம். தட்டில் பாதிச் சாப்பாடு வைத்தார். மீதியைக் கிண்ணத்தில் தூக்கிப் பிடித்து, "கேளு" என்றார். அது கேட்கவில்லை, கிண்ணத்தைப் பின்தொடர்ந்தது. அறை அறையாக நடந்தார். மூன்று மாடி இறங்கினார், ஏறினார். காலையும் மாலையும் இருவரும் மூச்சு வாங்கினார்கள். அவருடைய பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டார். குரைப்பு மட்டும் வரவில்லை.

முப்பதாவது நாள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மகள் அந்த அட்டையைக் கையில் எடுத்தாள்.

"இதயம் தாங்காதுன்னா... என்னப்பா அர்த்தம்?"

அவர் மேனேஜரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

காத்திருக்கும் அறையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. மகள் அருகே போனதும் எழுந்து பல்லைக் காட்டி உறுமியது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மேனேஜர் மடியிலிருந்து குதித்தது. கழுத்து ரோமம் விரிந்தது. நாலு காலையும் ஊன்றி நின்றது.

குரைத்தது.

ஒன்றல்ல, இரண்டல்ல. முப்பது நாள் பாக்கியையும் ஒரே மூச்சில். கூண்டிலிருந்த கிளி வாயை மூடியது. கறுப்பு நாய் பின்வாங்கி, தன் எஜமானரின் நாற்காலிக்கடியில் புகுந்து, நாற்காலியையும் முதுகில் சுமந்துகொண்டு வாசலுக்குப் போனது.

"குரைச்சிடுச்சு" என்றார் பிழை திருத்துபவர். முகம் தெரியாத நாலு பேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அருமை. இதயம் கல்லு மாதிரி இருக்கு. இனிமே பயமே இல்ல. இந்த வகை நாய்க்கு இது லேசுல நடக்காது. எப்படிச் சாதிச்சீங்க?"

"முதல்ல நானே குரைச்சுக் காட்டினேன், டாக்டர்."

டாக்டர் அவருடைய இடுப்பைப் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

பிழை திருத்துபவர் தலை நிமிர்ந்து வெளியே வந்தார். மேனேஜர் அவருக்கு முன்னால், வண்டி இழுப்பதுபோல் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தது. எடை மேடையில் அதை ஒரு நிமிடம் ஏற்றி இறக்கிய உதவியாளர் பெண், அட்டையும் பேனாவுமாகத் தயங்கியபடி அருகே வந்தாள்.

"சார், நீங்க பிழை திருத்துறவராமே? எடை நல்லா குறைஞ்சிருக்குன்னு எழுதணும், அதுக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா? போன மாசம் குறைக்கச் சொல்லி எழுதினப்பவே கேட்டிருக்கணும்."