தக்காளிக் கூடையும் என் உயரமும்

நான் கட்டையாகிக்கொண்டு வந்தேன்.

நாலு பேருக்குச் சொல்லக்கூடிய வருத்தமா இது? ஊர்காவற்றுறையில் நெட்டை டெனிஸ்ரன் என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். அந்த நெட்டையன் கிழமைக்குக் கிழமை தேய்ந்தால் வெளியில் எப்படிச் சொல்வது?

எல்லாம் தக்காளியால் வந்தது. வள்ளத்தில் சறுக்கி விழுந்ததில் என் வலது தோள் இறுகிவிட்டது. கை காதுக்கு மேலே போகாது. வலை இழுக்க ஏலாது, கடலுக்குப் போக ஏலாது. ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் சொன்னா: "ஐயா, சுவரிலை விரலை வைச்சு மெதுமெதுவா மேலை ஏறுங்கோ. ஒவ்வொரு நாளும் செய்யவேணும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி மாக்கிறேற்றிடம் அறிவித்தேன்.

"நான் கடலுக்குப் போறவன். பல்லி இல்லை."

அதன்பிறகு முற்றத்தைப் பார்த்தபடி கதிரையில் இருந்தேன். நாள் முழுக்க இருந்தேன். மாக்கிறேற் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்போதே நான் பயந்திருக்கவேணும்.

ஒருநாள் பார்த்தால், என் பழைய வலை மிதவைகளைப் பாதியாய் வெட்டி, மண் போட்டு, குட்டித் தக்காளி நாற்று நட்டு, விறாந்தைக் கூரை வளையில் கயிறு கட்டி, கூடைகள்போல வரிசையாய்த் தொங்கவிட்டிருக்கிறாள்.

"இதென்ன அந்தரத்திலை தோட்டம்?"

"நிலம் உவர். பக்கத்து வீட்டு ஜொய்சியின்ரை ஆடு வேறை. அதுதான் தொங்கவிட்டனான். தண்ணி ஊத்த ஜொய்சியின்ரை மனுசனை வரச்சொல்லியிருக்கிறன்."

"ஏன், இஞ்சை ஆம்பிளை இல்லையோ?"

"உங்களுக்கு ஏலாதப்பா. ஒரு கையிலை வாளியைப் பிடிச்சு, மற்றக் கையாலை பேணியிலை மொண்டு ஊத்தவேணும்."

"ஆரைப் பாத்து ஏலாது எண்டுறீர்? கொண்டாரும் பேணியை!"

இடக்கையில் வாளி, வலக்கையில் பேணி. கூடைகள் நெஞ்சளவில்தான் தொங்கின. இதென்ன பெரிய வேலை? காலையும் மாலையும் ஊற்றினேன். மஞ்சள் பூ வந்தது. அதைப் பார்க்கவென்றே கதிரையை விட்டு எழும்பினேன். வேறு ஒருவரையும் கிட்ட அண்டவிடவில்லை.

பிறகுதான் அந்த வருத்தம் தொடங்கியது. நெஞ்சளவில் நின்ற கூடை கழுத்துக்கு வந்தது. கழுத்திலிருந்து மூக்குக்கு. செடி வளரும், சரி. கூடை வளருமோ? கயிறு சுருங்கியதோ என்று பார்த்தேன். நைலோன் கயிறு, அதைப்பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, சுருங்காது. வீடும் உயராது. மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். நான்.

கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று தலைக்கு மேல் பென்சிலால் கீறப் போனேன். மாக்கிறேற் வந்துவிட்டாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"நிலையைப் பாக்கிறன்."

"ஆரின்ரை நிலையை?"

"கதவின்ரை."

"கதவின்ரை நிலை நல்லாத்தான் இருக்கு."

வேலியடியில் ஜொய்சியைப் பிடித்தேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. நான் கட்டையாப் போனனோ?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். "ஓமண்ணை. கொஞ்சம். வயசு போனால் அப்பிடித்தானாம்."

அன்றைக்கே தடித்த அடியுள்ள செருப்பு வாங்கினேன். கூடை அதையும் வென்று நெற்றிக்கு மேலே போனது. அதற்குள் பழம் சிவந்தது, நெல்லிக்காய் அளவில். எட்டிப் பறித்து முதல் பழத்தை மாக்கிறேற்றிடம் கொடுத்தேன். வாயில் போட்டவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. இத்தனூண்டு பழத்துக்கு இவ்வளவு கண்ணீரோ என்று எனக்குப் பெருமையாய் இருந்தது.

திரும்பவும் ஆஸ்பத்திரி.

"கையைத் தூக்குங்கோ பாப்பம்," என்றா பிசியோ மிஸ்.

தூக்கினேன். அது விறுவிறென்று போய்க் கூரையைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்கே திகைப்பு. மிஸ் என்னை விட்டுவிட்டு மாக்கிறேற்றைப் பார்த்தா.

"என்னண்டு அக்கா இவரைச் செய்விச்சனீங்கள்?"

"இவர் குளிக்கப் போற நேரமாப் பாத்து, கூடைக் கயிறைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக் கட்டினனான் மிஸ். நான் ஏற, ஜொய்சிதான் கதிரையைப் பிடிச்சவ."

எனக்குக் கோபம் வந்திருக்கவேணும். வாயில் வந்தது வேறு.

"அப்ப நான் கட்டையாகேல்லையோ?"

சுவரோர வாங்கில் குந்தியிருந்த நோயாளர் எல்லாம் வருத்தத்தை மறந்து சிரித்தார்கள்.

பஸ்ஸில் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். பண்ணைப் பாலத்தில் கடல் தெரியத் தொடங்கியதும் கேட்டேன்.

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் செய்திருப்பியளோ?" என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் ஒண்டும் கதைக்காமல் முத்தத்தையே பாத்துக்கொண்டு இருந்தது எனக்குப் பயமாக் கிடந்ததப்பா."

அதற்கு மேல் கோபிக்க எனக்கு அவள் இடம் வைக்கவில்லை.

ஆனாலும் ஒரு மனுசன் எத்தனை தரம் தோற்பது? ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது என் திட்டத்தை எடுத்தேன். கை சுகமில்லாத காலத்தில் அவள்தான் எனக்குச் சேட்டு மாட்டி, கழுத்துவரை தெறி பூட்டிவிடுவாள். வெளியில் சொன்னால் வெட்கம். அது எனக்குப் பிடித்திருந்தது. கை சுகமானதும் அதை நிறுத்திவிட்டாள்.

சேட்டைப் பிடித்தபடி முனகினேன். "இஞ்சேரும், தோள் திரும்பவும் இறுகிப்போச்சுது போல."

வந்தாள். சேட்டை மாட்டி, ஒவ்வொரு தெறியாய்ப் பூட்டி, கொலரை நேராக்கி, நெஞ்சில் மெல்லத் தட்டினாள். மாக்கிறேற்றை ஏமாற்றிவிட்டேன்! உள்ளுக்குள் துள்ளினேன்.

"மழை இருட்டுதப்பா," என்றாள். "அலுமாரிக்கு மேலை என்ரை குடை கிடக்கு. எடுத்துத் தாங்கோ."

டக்கென்று எட்டி எடுத்து நீட்டினேன். அவள் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன், நீட்டியது வலக்கை.