ஐஸ் காசு

2022 மே 17, செவ்வாய், காலை 8.40. வெயில் கொளுத்தியது, காற்று துளியும் இல்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில், என் மகனின் விந்து மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (கூட ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை.)

முருகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குறை மருமகள் செல்வியிடம்தான் என்று நாங்களே முடிவுகட்டி அவளை ஒன்பது பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். புதிதாகப் பார்த்த டாக்டரம்மாதான், "முதலில் பையனைப் பார்க்கணும்" என்றார். லேபில் கொடுக்க அவனுக்குக் கூச்சம். வீட்டில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம் என்றார்கள். அவனுக்கு எண்ணூரில் ஷிப்டு, செல்விக்கும் வேலை. நான் முன்வந்தேன்.

"பத்திரமா எத்துகினு போ நைனா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். எப்படிப் பத்திரம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கா தெரியாது? காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன். கெட்டுப்போகிற பொருள் என்றால் ஐஸ்தான்! வழியை அடைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகள். பதறிப்போய் காசிமேட்டில் இறங்கி, முப்பது ரூபாய்க்கு உடைத்த ஐஸ் வாங்கி, கையோடு கொண்டுவந்த டிபன் டப்பாவில் கொட்டி, நடுவில் மாதிரியைச் செருகினேன். வஞ்சிரத்துக்குக்கூட அத்தனை மரியாதை செய்ததில்லை. லேப் வாசலில் துண்டால் துடைத்து, ஐந்து நிமிடம் மிச்சமிருக்கையில் கொடுத்தேன்.

ரிப்போர்ட் வந்தது. உயிரணுக்கள் உண்டு; அசைவது ஒன்றுகூட இல்லை.

முருகன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். "உங்கம்மா வூட்டுக்குப் பூடு செல்வி. நீயாவது நல்லாயிரு."

"வாய மூடிக்கினு துன்னு," என்றாள் அவள். "ஆறு வருசமா எம்மேல கொற சொன்னீங்க. நான் இன்னா ஓடியா பூட்டேன்?"

(நான் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். "ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. மாதிரியை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார்.

"ஐஸில் வைத்து, டாக்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை!" என்றேன் பெருமையாக.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உடம்புச் சூட்டிலேயே இருக்கணும், பெரியவரே. குளிரில் எல்லாம் அடங்கிப்போயிடும். சட்டைக்குள்ள வெச்சிருந்தாலே போதும்."

"யோவ் நைனா, நீ இன்னா மீனா எத்துகினு போன?" என்று முருகன் கத்தியது வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

மறு பரிசோதனைக்கு அவன் லேபிலேயே கொடுத்தான், கூச்சமெல்லாம் போய். எண்ணிக்கையும் அசைவும் குறைவுதான், ஆனால் உயிரோடு இருந்தன. மாவாப் புகையிலையையும் சிகரெட்டையும் விடச் சொன்னார்கள்; விட்டான். சில மாதம் கழித்து, நல்ல உயிரணுவாகப் பார்த்துப் பொறுக்கி, செல்வியின் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். பேத்தி இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள்.

மீதிக் கருக்களை அங்கேயே உறையவைத்திருக்கிறார்கள். (அவர்கள் செய்தால் விஞ்ஞானம், நான் செய்தால் முட்டாள்தனம்.) அதற்கு வருட வாடகை பதினைந்தாயிரம். பில் வந்ததும் செல்வி அதை என் காபி டம்ளருக்கு அடியில் வைப்பாள்.

"மாமா, ஐஸ் காசு வந்துகீது."

மூன்று வருடமாக என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன். அன்று காசிமேட்டில் கொடுத்ததையும் சேர்த்தால், 45,030 ரூபாய்.