ஐந்து முத்திரைகளும் ஒரு முழங்காலும்

ஃபிர்மேனுடைய சைக்கிளின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது.

சனிக்கிழமை காலை, காபிக் கிண்ணத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது வருஷமாகச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய நீலப் பந்தய சைக்கிள் தரையிறங்கி நின்றது. தூசி துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தது. கைப்பிடியில் நூல் கட்டிய அட்டையில் அவர் மனைவி லூசெத்தின் குண்டு குண்டான எழுத்து: "விற்பனைக்கு. வண்டி நல்ல நிலையில் உள்ளது. சொந்தக்காரர் அப்படி இல்லை."

அடுத்த வார ஞாயிறு ஊர்ச் சந்தை. வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே பரணைக் காலிசெய்து, தெருவில் மேசை போட்டு, வேண்டாத சாமான்களை ஒருவர் தலையில் ஒருவர் கட்டும் நாள். போன வருஷம் ஃபிர்மேனின் அக்கார்டியன் அப்படித்தான் போனது. இன்றைக்கும் எதிர்வீட்டுக்காரர் அதை வாசிக்கிறார், அதுவும் மோசமாக.

"லூசெத்! என்ன இது?"

"சைக்கிள்." சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"அது தெரியுது. எதுக்கு அட்டை கட்டியிருக்க?"

"உங்களுக்குக் கட்ட மனசு வரல. அதான் சைக்கிளுக்குக் கட்டினேன்."

"நான் ஓட்டுற வண்டியை நீ எப்படி விக்கலாம்?"

"ஓட்டுற வண்டியா? அதுல சிலந்தி பேரன் பேத்தி எடுத்துடுச்சுங்க! ஏணி ஏற முடியாத முட்டி, பெடல் மிதிக்குமா? எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

விஷயம் அந்த ஏணியில்தான் இருந்தது. அவர்கள் வீட்டுக்குப் பதினோரு ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் வெளிப்புறம் இரண்டு மரக்கதவு. அந்த ஊரில் வீட்டுக்கு மானம் இருக்கிறதா இல்லையா என்பதை ஜன்னல் கதவின் வர்ணத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். ஃபிர்மேன் வீட்டுப் பச்சை வர்ணம் உரிந்து, பொருக்குத் தட்டி, மழைக்குப் பின் ரோஜாச் செடிகள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வசந்தமாக லூசெத் ஏணியை வெளியே எடுக்கிறாள். ஏணி வெளியே வந்தால் ஃபிர்மேனின் வலது முழங்கால் வீங்கும். ஏணி உள்ளே போனால் வீக்கம் வடியும். மருத்துவ உலகம் கண்டிராத வியாதி அது.

"பெடல் வேற, ஏணி வேற," என்றார் ஃபிர்மேன் கம்பீரமாக. "பெடல்னா கால் சுத்துது. ஏணின்னா ஏறுது. சுத்துறது ஆகும். ஏறுறதுதான் ஆகாது. டாக்டரே சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார்."

"அப்படியா?" லூசெத் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். "நாளைக்கு சைக்கிள் மன்றத்துப் பள்ளத்தாக்குச் சவாரி. எழுபது கிலோமீட்டர். அஞ்சு இடத்துல சவாரி அட்டையில முத்திரை குத்துவாங்க. அஞ்சையும் வாங்கிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்து நில்லுங்க. சைக்கிளை நானே திரும்பச் சுவத்துல மாட்டிடுறேன். ஒண்ணு குறைஞ்சாலும் சந்தைக்குப் போயிடும்."

"ஏணி?"

"சுத்துறது ஆகும், ஏறுறது ஆகாதுன்னு சொன்னீங்கல்ல. ஏற முடியாத மனுஷனை நான் ஏணியில ஏத்துவேனா?" என்றவள் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் 'சுத்துறது ஆகும், ஏறுறது ஆகாது' என்று எழுதினாள். "கையெழுத்துப் போடுங்க."

ஃபிர்மேன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். முழங்காலுக்கு எழுத்துமூலமாகவே விடுதலை கிடைத்துவிட்டது. இனிச் சைக்கிளைக் காப்பாற்றினால் போதும்.

அதை எப்படியும் காப்பாற்றியாக வேண்டும். அறுபத்து நாலு வயது, தொந்தி வேறு. ஆனால் இருபத்தாறு வயதில் இதே நீலச் சைக்கிளில்தான் அவர் ஒரே நாளில் நாலு தடவை லூசெத் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார், அவளுக்காகத்தான் என்று யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. சைக்கிள் போய்விட்டால் அந்தப் பையனும் போய்விடுவான்.

ஆனாலும் எழுபது கிலோமீட்டர் எழுபது கிலோமீட்டர்தான். அவர் நேராகப் பசீல் வீட்டுக்கு நடந்தார். பசீல் பால்ய சிநேகிதன். ஆற்றோரக் குகையில் காளான் வளர்ப்பவன். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி. முக்கியமாக, அவனிடம் ஒரு வேன் இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மன்றத்தின் மஞ்சள் சட்டையில் ஐம்பது பேரோடு ஃபிர்மேனும் கிளம்பினார். லூசெத் கையசைத்தாள். முதல் வளைவு தாண்டியதும் மற்றவர்கள் நேராகப் போனார்கள். ஃபிர்மேன் வலப்பக்கம் திரும்பி ஒரு பாப்லர் தோப்புக்குள் மறைந்தார். அங்கே பசீலின் வேன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"எவ்வளவு தூரம் ஓட்டின?" என்றான் பசீல்.

"எண்ணூறு மீட்டர்."

"மூச்சு வாங்குதே!"

"மேடுடா."

"இந்தப் பக்கம் ஏதுடா மேடு?"

உண்மைதான். அந்த லுவார் பள்ளத்தாக்குச் சாலையில் மேடே கிடையாது. கோட்டைகளும் ராஜாக்களுமாகப் பேர்வாங்கிய பெரிய லுவார் நதி அல்ல இது. அதே பேரை வைத்துக்கொண்டு, வில்லோ மரங்களுக்கு அடியில், எந்த அவசரமும் இல்லாமல் ஓடுகிற சின்ன லுவார். ஃபிர்மேனின் சுபாவத்துக்குப் பொருத்தமான ஆறு.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு முத்திரை இடத்துக்கும் அரைக் கிலோமீட்டர் முன்னால் வேன் நிற்கும். ஃபிர்மேன் இறங்கி, பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்து, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போய் நிற்பார்.

முதல் முத்திரை பாலத்தடி ரொட்டிக்கடையில். கடைக்காரம்மா சவாரி அட்டையில் முத்திரை குத்தினாள். கூடவே ஒரு வெள்ளைப் பெட்டியை நீட்டினாள்.

"மதாம் லூசெத் போன்ல சொல்லியிருந்தாங்க, முசியே. க்ரீம் கேக். பத்திரமா எடுத்துட்டுப் போங்க."

ஃபிர்மேன் பெட்டியோடு வேனுக்கு வந்தார். பெட்டியைத் திறந்தார். மேலே மூன்றடுக்குக் க்ரீம், கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. அவருக்குப் புருவம் உயர்ந்தது.

"பசீல், இது பொறிடா."

"கேக்குடா."

"சைக்கிள்ல அறுபது கிலோமீட்டர் போற கேக், வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இப்படியா இருக்கும்? சேதாரமே இல்லாம போனா அவளுக்குத் தெரிஞ்சுடும்!"

"அப்போ?"

"சேதாரம் பண்ணணும்."

இருவரும் கேக்கைப் பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரன் செய்யத் தயங்கும் பாவம் அது. கடைசியில் ஃபிர்மேன் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைச் சாய்த்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். விரலில் ஒட்டியதை மட்டும் துக்கத்தோடு நக்கினார்.

"முப்பத்தெட்டு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணியும் அவளுக்கு என் மூளை தெரியலை பாரு," என்றார்.

இடிந்த கோட்டை வாசலில் இரண்டாவது முத்திரை. தண்ணீர் ஆலையில் மூன்றாவது. நடுவில் நேரம் நிறைய மிஞ்சியதால் ஆற்றோரம் துணி விரித்து, ரொட்டியில் பன்றி இறைச்சி விழுதைத் தடவி, குளிர்ந்த வெள்ளை ஒயினோடு இரண்டு மணி நேரம் சாப்பிட்டார்கள். எதிர்க்கரைச் சாலையில் மஞ்சள் சட்டைகள் வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டு போயின. ஃபிர்மேன் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

நாலாவது முத்திரை ரோஷ்கூரில். அங்கே போய் அண்ணாந்து பார்த்ததும் அவருக்குக் குடித்த ஒயின் இறங்கிவிட்டது.

ரோஷ்கூர் குகை ஊர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வீடுகள், ஒன்றின் தலையில் ஒன்று. மேல் வீட்டுக்காரன் தோட்டத்தில் கீழ்வீட்டுக்காரன் புகைபோக்கி முளைத்து நிற்கும். ஊருக்கு உச்சியில் பழைய தேவாலயம். முத்திரை மேசை அந்தத் தேவாலய வாசலில்தான் போடுவார்கள், என்றைக்கும். போக ஒரே வழி, பாறையில் வெட்டிய நூற்று நாற்பத்திரண்டு படி. ஒன்பது வருஷத்தில் ஃபிர்மேன் இதை மறந்தே போயிருந்தார்.

இருபது படி ஏறினார். இருபத்தோராவது படியில் உட்கார்ந்தார். முழங்கால், வாழ்நாளில் முதல்முறையாக, நிஜமாகவே வலித்தது.

"பசீல், சட்டையைக் கழட்டு."

"எதுக்குடா?"

"என் சட்டையைப் போட்டுக்க. தலைக்கவசத்தையும் மாட்டிக்க. அட்டையைக் கொண்டுபோய் முத்திரை வாங்கிட்டு வா."

"மேல தெரிஞ்சவங்க இருந்தா?"

"இந்த ஊர்ல என்னை யாருக்குடா தெரியும்? குனிஞ்சுக்கிட்டே நில்லு."

மஞ்சள் சட்டை பசீல்மேல் கொடியில் காயப்போட்ட மாதிரி ஆடியது. அவன் படியேறிப் போனான். அரைமணி கழித்து, முத்திரை குத்திய அட்டையோடும் ஒரு டஜன் முட்டையோடும் இறங்கி வந்தான்.

"இது ஏதுடா?"

"மேசையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. லூசெத் கேட்டிருந்தாளாம், கொடுத்துவிட்டாங்க. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. 'ரொம்ப மெலிஞ்சுட்டீங்களே முசியே ஃபிர்மேன்'னாங்க."

"ஐயையோ! நீ என்ன சொன்ன?"

"சைக்கிள் மிதிச்சா மெலியத்தானே செய்யும்னேன்."

"சபாஷ்!" ஃபிர்மேன் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு இருவரும் முட்டைகளைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"இங்கேருந்து வீட்டுக்கு எத்தனை உடையும்?"

"ஆறு?"

"ஆறு உடைஞ்சா நான் ஓட்டத் தெரியாதவன். மூணு."

மூன்று முட்டையை அவர் விரல் நுனியால் நாசூக்காக உடைத்தார்.

ஐந்தாவது முத்திரை சொந்த ஊரில், இரும்புச் சாமான் கடை வாசலில். கடைக்காரர்தான் மன்றத்துக்குச் செயலாளர். நாலரைக்கு முத்திரையைக் குத்திவிட்டு, பழுப்புத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"நேத்து லூசெத் வாங்கி வச்சுட்டுப் போனாங்க. உங்ககிட்டயே கொடுக்கச் சொன்னாங்க."

பொட்டலம் லேசாக இருந்தது. உடைகிற சாமானும் இல்லை. ஃபிர்மேன் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ராஜா மாதிரி வீட்டு வாசலில் போய் இறங்கினார்.

லூசெத் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினாள். கேக் பெட்டியைத் திறந்தாள். க்ரீம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது.

"ஐயோ பாவம், சாலை மோசமோ?"

"குண்டும் குழியும்," என்றார் ஃபிர்மேன் களைப்போடு.

முட்டைகளை எண்ணினாள். "மூணுதான் உடைஞ்சிருக்கு! பரவாயில்லையே. நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க." பிறகு சவாரி அட்டையை எடுத்து முத்திரைகளை விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் விரல் நின்றது.

"ரோஷ்கூர். தேவாலய வாசல்லதானே மேசை?"

"ஆமா ஆமா. மேலதான்."

"நூத்தி நாப்பத்திரண்டு படி இல்ல?"

"எண்ணிக்கிட்டே ஏறினேன்," என்றார் ஃபிர்மேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது.

லூசெத் சைக்கிளிலிருந்து விற்பனை அட்டையை அவிழ்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். "ஏறுறது ஆகாது. கீழ உங்க கையெழுத்து." பென்சிலால் 'ஆகாது' என்பதை அடித்துவிட்டு 'ஆகும்' என்று எழுதினாள்.

ஃபிர்மேன் வாயைத் திறந்தார். ஏறவில்லை என்றால் முத்திரை பொய், சைக்கிள் சந்தைக்கு. ஏறினேன் என்றால் ஏணி. நீலச் சைக்கிளைப் பார்த்தார்.

"ஏறினேன்," என்றார் ஈனஸ்வரத்தில்.

"தெரியும்," என்றாள் லூசெத். சொன்ன வார்த்தை மாறாமல் சைக்கிளைத் தானே தூக்கிச் சுவரில் மாட்டினாள். மாட்டிவிட்டு அதன் இருக்கையை ஒருதரம் தட்டிக்கொடுத்தாள். "எங்க வீட்டு வாசல் வழியா நாலு தடவை போனேன்னு சொல்லுவீங்கல்ல? அன்னிக்கு அஞ்சு தடவை போனீங்க. நான் எண்ணினேன்."

ஃபிர்மேனுக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்திலேயே பழுப்புப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மூன்று புது வர்ணத் தூரிகைகள் இருந்தன.

"நாளைக்குக் காலைல ஆரம்பிச்சுடலாம். ரோஷ்கூர் மேசையில உக்காந்திருந்தது எங்க பாட்டுக்குழு பெரீன்தான். மதியமே போன் பண்ணிட்டா, நீங்க ரொம்ப மெலிஞ்சுட்டீங்கன்னு," என்றாள் லூசெத். "ஏணியைப் பிடிச்சுக்க பசீலையும் வரச் சொல்லியிருக்கேன். பிடிக்க மட்டும்தான். இந்தத் தடவை ஏறப்போறது நீங்க."