கண்காட்சி வாசலில் என் பூட்ஸ்

சாமி படம் என்றால் சாமி என்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது. சாமி படம் என்பது படம். ஒரு பலகை, அதில் ஒட்டிய துணி, சுண்ணாம்புப் பசை, தங்க ரேக்கு, கண்ணாடிக் கல். தீர்ந்தது.

இதை முதலில் என் மனைவிக்கு விளக்கினேன். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணன் படத்தை அப்போதுதான் பூஜை அறையிலிருந்து இறக்கியிருந்தேன்.

"பலகையோ துணியோ, சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள கிருஷ்ணன் வீட்டுல இருக்கணும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இல்லேன்னா நீங்களும் அங்கேயே தங்கிக்குங்க."

வேலை இவ்வளவுதான். பாடாங் மைதானத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில் எல்லா மதத்துக் கலைப்பொருள்களுக்கும் கண்காட்சி. இந்த ஊர் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஏற்பாடு எங்கள் ஆபீஸ் துரை. படத்தைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும், வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும், மாலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

படத்தைப் போர்வையில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏறினேன். மனைவி சாத்திய மாலையை வழியிலேயே கழற்றிவிட்டேன். தங்க வேலைப்பாடு மறைகிறதே!

பொன்னெழுத்துக் குர்ஆன் ஏட்டுக்கும் தேவாலயத்து மாதா படத்துக்கும் நடுவே எங்கள் கிருஷ்ணனை மாட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

மத்தியானம்வரை கூட்டம் ஒழுங்காக இருந்தது. அதாவது, யாரும் வரவில்லை.

பிறகு கிள்ளான் ரயில் வந்தது.

அதில் வந்த பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்து, நேரே கிருஷ்ணன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தங்க ரேக்கைப் பற்றி ஆரம்பித்தேன். முன்னால் நின்ற அம்மாள் கையை நீட்டினாள்.

"சாமி, தீர்த்தம் குடுங்க."

"அம்மா, இது கோயில் இல்லை. இது கலை. பாருங்கள், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். என்ன அறியாமை!"

"வாசல்ல ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்துச்சு. அதைப் பார்த்துத்தான் நாங்களும் கழட்டினோம்."

"எந்த முட்டாளுடைய பூட்ஸ் அது?"

அவள் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வெறுங்கால்!

கையில் கிருஷ்ணன் இருந்ததால், வாசலில் என் கால்கள் என்னைக் கேட்காமலே பூட்ஸை உதறியிருக்கின்றன. படித்தது எல்லாம் முழங்காலுக்கு மேலேதான் தங்கியிருக்கிறது போலும்.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார். "பிரமாதமான கூட்டம்! இந்தப் படம் இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும்."

மனைவியின் முகம் கண்முன் வந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எஸ் சார்."

துரை நகர்ந்தார். நான் சுவரில் சாய்ந்தேன்.

"ஏன் சாமி, மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்றாள் அந்த அம்மாள்.

சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

"விளக்கு வைக்கிற நேரத்துல கிருஷ்ணனை மண்டபத்துல பூட்டி வைப்பாங்களா! அப்ப வீட்டுல நடக்க வேண்டியதை இங்கேயே முடிச்சிருவோம்."

கலைக்கூடத்தின் விதிகளை நான் எடுத்துச் சொல்வதற்குள் முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரம் வந்தது. வெற்றிலைப் பெட்டியின் மூடி தட்டானது. தீ எழுந்தது. ஒருத்தி பாடத் தொடங்கினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். புதிதாக வெள்ளையடித்த கூரையை நோக்கிக் கரும்புகை நிதானமாக ஏறியது.

துரை ஓடிவந்தார்.

"நெருப்பு! இதை உடனே எடுத்துக்கொண்டு போ! இந்தப் படம் இனி இங்கே வரக் கூடாது!"

என் வாழ்நாளில் அவ்வளவு மனமார 'எஸ் சார்' சொன்னதில்லை.

ரிக்‌ஷாவில் ஏறினேன். பின்னாலேயே பாட்டு வந்தது.

"எங்கேம்மா வருகிறீர்கள்? உங்களுக்கு ரயில் போய்விடும்!"

"அடுத்த ரயில்ல போய்க்கிறோம். கிருஷ்ணனைத் தனியா அனுப்ப முடியுமா?"

நான் கூட இருப்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் மனைவி விளக்கும் கையுமாக நின்றாள். படத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"வாங்க வாங்க, உள்ளே வாங்க," என்றாள். கூட்டத்திடம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் பூட்ஸைப் பக்கத்து வீட்டு வாசலில் விடுகிறேன். எங்கள் வாசலில் இடமில்லை.