வலது மேல் மூலையில் இருந்த பெயர்

சூச்சோ,
நிலாத் திருவிழா முடிந்த மறுவாரம்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய பெரிய மச்சான் லூ கெஜியன் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பான் யோங்நியன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஹ்வெய்லானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். லான்சோவில் புழுதிக் காற்று அடங்கியிருக்கும், அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும், கல்யாணம் முடிந்த மகனும் மருமகளும் சிரித்த முகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அடித்த தந்தி கிடைத்தது. "பேர் எங்கே?" என்று இரண்டே சொல். தந்தியில் சொல்லுக்குக் காசு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகன் கல்யாணக் கூடத்தில் மாட்டுவதற்காக, பட்டு விளிம்பு பூச்சி அரித்துப் போன பழைய தொங்கு சுருள் ஓவியத்தை என்னிடம் அனுப்பி, "புதுப் பட்டு வைத்துக் கட்டித் திருப்பி அனுப்புங்கள், வேறெதுவும் வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'வேறெதுவும் வேண்டாம்' என்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன், பேசாமல் ஓய்வாக இருந்திருக்கலாம். பழைய படங்களை எடைபோடத் தெரிந்தவன் என்று தேநீர்க் கடையில் நாலு பேர் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து எனக்கு எந்தப் படத்தையும் சும்மா பார்க்க வருவதில்லை. சுருளை மேஜையில் விரித்தேன். தாமரைக் குளத்தில் ஜோடி வாத்துகள். வலது மேல் மூலையில் "அண்ணன் லூ ஷிச்சென் அவர்களுக்கு, நட்புடன்" என்று உங்கள் தாத்தாவின் பெயர், அதன் கீழே ஓவியரின் கையெழுத்து. அந்த நேரம் பார்த்துத்தானா என் நண்பர் தாவோ வர வேண்டும்? ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் பூசணி விதை.

"படம் அசல்தான், வாத்தியாரே. சீக்கு எங்க இருக்கு தெரியுமா? இந்தப் பேர்ல. எவனோ ஒரு லூவுக்குக் குடுத்ததை இன்னொருத்தன் எப்படித் தன் கூடத்துல மாட்டுவான்? மேலதிகாரிக்குப் பரிசாத்தான் குடுக்க முடியுமா? பேரை எடுத்துடு, விலை எங்கயோ போயிடும்."

"மச்சான் இதை விக்கப் போறதில்லையே?"

"இன்னிக்கு இல்ல. பேரன் வீடு கட்டறப்ப?"

எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது, மச்சான். தங்களுக்கே தெரியாமல் தங்களைப் பணக்காரர் ஆக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான், வேறொன்றுமில்லை. சுருள் கட்டும் யென்னிடம் கொண்டுபோனேன். அவராவது தடுத்திருக்கலாம். "பேரை எடுக்கணுமா? வாரத்துக்கு நாலு பேரை எடுக்கறேன் வாத்தியாரே, இப்ப எல்லாரும் பேர் இல்லாத படமாத்தான் கேக்கறாங்க" என்று அப்போதே கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஜலதோஷம் என்பதால் ஹ்வெய்லான்தான் மழையில் போய்ச் சுருளை வாங்கி வந்தாள். வந்ததிலிருந்து என்மேல் கோபம். மீன் மட்டும் உப்பில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. சுருளைப் பிரித்தால், பெயரை எடுத்துவிட்டு ஒட்டுப் போட்ட இடம் மழை ஈரத்தில் தேநீர் சிந்திய மாதிரி கறுத்திருந்தது. "ஒரு முத்திரை போட்டா மறைஞ்சுடும், சேகரிக்கிறவன் போடற வழக்கம்தானே?" என்றார் தாவோ. நானும் என் பெயர் செதுக்கிய கல்லைச் சிவப்புக் குழம்பில் தோய்த்து அழுத்தினேன். பதற்றத்தில் கல்லைத் திருப்பிப் பிடித்துவிட்டேன். ஆக உங்கள் தாத்தா இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன், அதுவும் தலைகீழாக.

இதோடு விட்டேனா? அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம், பாராட்டுவார் என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்த ஓவியர் படம் விக்கவே மாட்டாரு. சிநேகிதங்களுக்கு மட்டும்தான் போட்டுக் குடுப்பாரு. யாருக்குக் குடுத்தாருங்கற பேர்தான் அசலுக்குச் சாட்சி. அது எங்க?"

"எடுத்துட்டோம்ங்க."

"ஏன்?"

"விலை ஏறும்னு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார், படத்தைப் பார்க்கவில்லை. யென் கடைக்கு ஓடினேன். குப்பைக்கூடையைக் கொட்டினேன், பசைச் சட்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன், வெட்டிய துண்டைக் காணோம். "இந்தப் பலகைலதான் வெச்சேன், காத்துல பறந்திருக்கும்" என்கிறார். இன்றைக்கும் போய்த் தேடிவிட்டுத்தான் வந்தேன். இப்போதெல்லாம் என் தலையைக் கண்டாலே அவர் கடையைச் சாத்திவிடுகிறார். வேறு வழி தெரியாமல், கல்யாணச் சந்தடியில் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள் என்று சுருளை அப்படியே அனுப்பிவிட்டேன்.

தாத்தாவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது, ஆலை கட்டும்போது கல்லறையும் போய்விட்டது என்று ஹ்வெய்லான் எப்போதோ சொன்னது இப்போதுதான் என் காதில் விழுகிறது. அவர் பெயர் மிச்சம் இருந்த ஒரே இடம் அந்த மூலைதான். நான் அதற்கு விலை ஏற்றப் போனேன். வெட்கமாக இருக்கிறது, மச்சான். மன்னிப்புக் கேட்க முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். என்மேல் இருக்கும் கோபத்தில் புத்தாண்டுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். ஹ்வெய்லான் தாங்க மாட்டாள்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மணமக்கள் அந்தப் படத்து வாத்துகளைப் போல (அவற்றுக்குச் சேதம் ஒன்றுமில்லை) பிரியாமல் வாழட்டும்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பான் யோங்நியன்

பி.கு.: அண்ணா, ஹ்வெய்லான் எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி இவர் கொடுத்த உறையைப் பிரித்துவிட்டேன். தாத்தாவின் பெயர் தொலையவில்லை. சுருளை வாங்கப் போன அன்றைக்கே யென் கடைப் பலகையிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். இவரிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நாள் தேடட்டும். உங்களுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் உறையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அப்பா போனபோது படம் மகனுக்கு என்றார்கள், நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எனக்கும் தாத்தாதானே அண்ணா? படம் உங்களிடமே இருக்கட்டும். பெயர் என்னிடம் இருக்கட்டும். பார்க்க வேண்டும் என்றால் புத்தாண்டுக்கு வாருங்கள்.