காருக்குப் பொருத்தம் பார்த்த சாமி

மும்பை செம்பூரில் எலெக்ட்ரிக் கார்களுக்குச் சார்ஜ் போடும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. சார்ஜருக்காக அல்ல, சுயம்பு சுவாமிகளுக்காக. காருக்கும் சார்ஜருக்கும் பொருத்தம் பார்ப்பதில் பாரதத்திலேயே அவர் ஒருவர்தானாம். எந்தக் காருக்கு எந்த பிளக், எத்தனை கிலோவாட் என்று காரோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதை யார் படிப்பது?

சுவாமிகளுக்கு டெலிவரி எடுத்த நேரம்தான் காரின் பிறந்த நேரம். நட்சத்திரம் குறித்துக்கொண்டு, சார்ஜ் ஏறும் துளைகளில் தம் கையாலேயே சந்தனத்தை அப்புவார். பிறகு பிளக்கை மாட்டச் சொல்வார். பச்சை விளக்கு எரிந்தால் பொருத்தம், சிவப்பு எரிந்தால் தோஷம். ஆச்சரியம் பாருங்கள், எப்போதும் சிவப்புதான்! தோஷமுள்ள கார் குடும்பத்துக்கு ஆகாது. உல்லாஸ்நகரிலிருக்கும் சுவாமிகளின் மைத்துனர் பெரிய மனது பண்ணி அதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். அவரைத் தோஷம் ஒன்றும் செய்யாது.

அன்று மாட்டுங்காவிலிருந்து அனந்தகிருஷ்ணனும் மனைவி பாகீரதியும் வந்திருந்தார்கள். பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய கார். முந்தின நாள்வரை இதே சார்ஜரில் சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது. சந்தனம் வைத்ததும் சிவப்பு. கூடவே வந்திருந்த மைத்துனர் விற்பனைக் காகிதத்தை நீட்டினார். அனந்தகிருஷ்ணன் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஏன்னா, ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் இதுலதானே போட்டிருக்கோம்!" பாகீரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடும்பத்துக்கே ஆகாதுங்கறாரே. என்ன பண்றது?"

பின்னால் நின்ற பிரேமலதாவுக்குப் பொறுக்கவில்லை. தாராவிக்காரி, எலெக்ட்ரிக் டாக்சி ஓட்டுகிறவள். சார்ஜ் போட வந்து ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாள்.

"சாமி, நேத்து வரைக்கும் ஏறிச்சாம்லா? இன்னைக்கு மட்டும் என்னவாம்?"

"கிரகம் மாறிடுச்சும்மா."

"உங்க சந்தனம் எல்லாக் கரண்ட்டுக்கும் ஆகுமா?"

"மின்சாரம் எங்கே ஓடினாலும் ஆகும். பட்ட இடத்தில் ஆயுசு கூடும்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்போ உங்க செல்லைத் தாங்க. சார்ஜ் போடுத ஓட்டையில நானே அப்புதேன்." சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

சுவாமிகள் மடியிலிருந்த புதுப் போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"அரே, வேணாம்மா! உள்ளே போனா சார்ஜ் ஏறாது!"

சொன்னது என்னவென்று கடைசியாகப் புரிந்தது சுவாமிகளுக்குத்தான். மைத்துனர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ தேடினார். அனந்தகிருஷ்ணன் பேனாவை மூடினார்.

"குச்சியை விட்டு நோண்டிராதீங்க சார், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க," என்றாள் பிரேமலதா.

மெக்கானிக் நகுல் வந்து துளைகளைச் சுத்தம் செய்து பிளக்கை மாட்டினான். பச்சை! பாகீரதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தோஷம் போயிடுத்தா?" என்றார் அனந்தகிருஷ்ணன். நகுல் கையிலிருந்த, சந்தனம் அப்பிய துணியைக் காட்டினான்.

வடாலாவில் இன்னொரு சுவாமி பேட்டரிக்கு வாஸ்து பார்க்கிறாராம், இப்போதே கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போனதும் முதலில் அவருடைய செல்போனைக் கேளுங்கள்.