கன்னத்துல குழி, வாசல்ல வேப்பிலை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சிதம்பரம் போய் தோல் டாக்டரைப் பார்த்து, கன்னத்துல இருக்கிற பருத் தழும்புக்கு ஒரு வழி பண்ணிட்டு வரணும்.

பத்து வருஷமா இல்லாத அக்கறை திடீர்னு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க. திருப்பாதிரிப்புலியூர்ல போட்டோ எடுக்கப் போனேன். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர்ல உக்காந்து என் கன்னத்தை மொழுமொழுன்னு ஆக்கிட்டார். ஒரு குழி கூட விடல. போட்டோவைப் பாத்து எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு.

அந்தப் போட்டோதான் சிதம்பரத்துல ஒரு வீட்டுக்குப் போச்சு. பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் புடிச்சுப் போச்சாம். ஞாயித்துக்கிழமை பொண்ணோட அப்பா அம்மா எங்க வீட்டைப் பாக்க வர்றதா எங்க மாமா வந்து சொன்னார். பொண்ணு போட்டோவை நானும் பாத்துட்டேன். இந்த இடம் கை விட்டுப் போயிடக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ஆக, ஞாயித்துக்கிழமைக்குள்ள என் மூஞ்சி போட்டோ மாதிரி ஆகணும். நான் டாக்டரை விசாரிச்சது திங்கக்கிழமை. கிளம்புனது செவ்வாய்க்கிழமை.

எங்க ஊர் கடலூர்லயே டாக்டர் இருக்காங்க. ஆனா யாராவது பாத்துட்டா ஆம்பளைக்கு எதுக்குடா அழகு வைத்தியம்னு நான் வேலை பாக்குற ஷோரூம்ல வச்சு ஓட்டுவாங்க. அதனால வீட்டுலயும் சொல்லாம சிதம்பரம் போனேன். பொண்ணு வீடும் அதே ஊர்தான்கிறது பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்புறம்தான் உறைச்சுது. கர்சீப்பை மூஞ்சில கட்டிக்கிட்டு ஆட்டோ ஏறினேன். எங்கயாவது திருடப் போறீங்களான்னு டிரைவர் கேட்டார்.

டாக்டர் பொறுமையா எல்லா வழியும் சொன்னார். மெஷின் வச்சுத் தேய்க்கிறது ஒண்ணு. லேசர் ஒண்ணு, அதுக்கு பாண்டிச்சேரியோ மெட்ராஸோ போகணும். இன்னொண்ணு பீலிங், ஒரு மருந்தைத் தடவி மேல்தோலை உரிய வைக்கிறது. ஆனா குழி ஆழமா இருக்கு, ஒரு தடவையில பெருசா தெரியாது, பல தடவை வரணும்னார்.

என் காதுல விழுந்தது பழைய தோல் உரியும், புதுத் தோல் வரும்கிறது மட்டும்தான்.

"பத்து நாளைக்கு வீட்டுல விசேஷம் எதுவும் இல்லையே?"

"எதுவுமே இல்ல சார்."

மருந்து போட்டதும் மூஞ்சி திகுதிகுன்னு எரிஞ்சுது. வெயில்ல போகக் கூடாது, நான் குடுக்கிற கிரீம் தவிர எதையும் பூசக் கூடாது, தானா உரியும், பிய்க்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை சிவப்பா இருந்துச்சு. வெயில்னு சொல்லி சமாளிச்சேன். வெள்ளிக்கிழமை காலையில எழுந்து கண்ணாடியைப் பாத்தேன். மூஞ்சி பூரா கருப்புத் திட்டு. அங்கங்க தோல் வெடிச்சுத் தொங்குது. போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். காப்பியோட வந்த அம்மா போர்வையை விலக்கினாங்க.

டம்ளரைக் கீழ வச்சாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"தாயே, எம் புள்ள மேல இறங்கிட்டியா."

அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கணும். ஆனா அழகு வைத்தியம் பண்ணிக்கிட்டேன்னு சொல்றதை விட அம்மை போட்டிருக்குங்கிறது கொஞ்சம் கௌரவமாப் பட்டுச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

அரை மணி நேரத்துல வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. பாயில வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வச்சாச்சு. சமையல்ல தாளிப்பு நின்னுபோச்சு. அம்மா என்னை வாங்க போங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி இளநீரை வாசல்லயே வச்சுட்டு, எனக்காக ஜெபம் பண்றதா சொல்லிட்டுப் போனாங்க. ஒரு பீலிங்குக்கு ரெண்டு மதத்தோட சப்போர்ட்.

பிரச்சனை சாயங்காலம் வந்துச்சு. சேதி கேட்டு வந்த எங்க அத்தை ஒரு கிண்ணம் நிறைய வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு எடுத்துக்கிட்டு என் மூஞ்சிகிட்ட வந்தாங்க. கிரீம் தவிர எதையும் பூசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. வேற வழி தெரியல. கண்ணை உருட்டி, குரலைத் தடிமனா வச்சுக்கிட்டேன்.

"மூஞ்சில எதையும் பூசாதே!"

அத்தை ரெண்டடி பின்னாடி போனாங்க. அம்மா உடனே, சரி தாயே, உன் உத்தரவுன்னாங்க. வேலை செஞ்சுது! அந்தத் தைரியத்துல, ஒரு ஆம்லெட் கொண்டா, வெங்காயம் ஜாஸ்தியா போடுன்னு அதே குரல்ல சொன்னேன்.

அம்மா என்னை ஒரு நிமிஷம் பாத்தாங்க.

"இது ஆத்தா கேக்கல. நீ கேக்குற."

தயிர் சாதம்தான் கிடைச்சுது.

இந்த அமர்க்களத்துல பொண்ணு வீட்டுக்கு சேதி சொல்ல எல்லாரும் மறந்துட்டோம். ஞாயித்துக்கிழமை காலையில மாமா அவுங்களைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். ஜன்னல் வழியா பாத்தேன். பொண்ணோட அப்பா செருப்பைக் கழட்டிட்டு நிமிந்தார். வேப்பிலையைப் பாத்தார். செருப்பை மறுபடியும் மாட்டிக்கிட்டார். அந்தம்மா தெருவுல நின்னே கும்பிட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் சொல்லி அனுப்புங்கன்னு வந்த வழியே போயிட்டாங்க.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவ்வளவு எரிச்சலும் அந்த ஒரு நாளுக்காகத்தானே!

தோல் எல்லாம் உரிஞ்சு முடிஞ்சுது. ஆசையா கண்ணாடியைப் பாத்தேன். புதுத் தோல் பளபளன்னு இருந்துச்சு. அதுல அதே குழிங்க, முன்னைய விட பளிச்சுனு தெரிஞ்சுது.

ஒரு மாசம் கழிச்சு பொண்ணு பாக்க சிதம்பரம் போனோம். போட்டோ எங்க மூஞ்சி எங்கன்னு கேட்டுத் துரத்தப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பொண்ணோட அம்மா கையில என் போட்டோ. அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி அதைப் பாத்தாங்க.

"எப்படி இருந்த புள்ள. ஆத்தா வெளையாடிட்டா பாருங்க."

அந்தக் குழிங்களைப் பத்து வருஷமா பாத்துக்கிட்டு இருக்கிற எங்க அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க. அப்புறம் மூடிக்கிட்டு ஃபேனைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ரெண்டு பேரும் பேசிட்டு வாங்கன்னு எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினாங்க. பொண்ணு ரொம்ப அக்கறையா கேட்டுச்சு.

"ரொம்ப அரிச்சுதுங்களா?"

அந்த அக்கறையைப் பாத்ததும் பொய் சொல்ல மனசு வரல. போனா போகுதுன்னு ஸ்டுடியோ, கர்சீப், பீலிங், வேப்பிலை, ஆம்லெட் வரைக்கும் மொத்தத்தையும் கொட்டிட்டேன். எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். அந்தப் பொண்ணு சுவத்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சுது. நிறுத்த முடியல. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுது.

அந்தச் சிரிப்பு கூடத்துக்குக் கேட்டுடுச்சு. பொண்ணுக்குப் புடிச்சிருக்குடோய்னு மாமா எழுந்து நின்னுட்டார். நாங்க உள்ள வர்றதுக்குள்ள ஆளுக்கு ஒரு லட்டு கையில. புடிச்சிருக்கான்னு அவுங்க அம்மா கேட்டதுக்கு, தன் கையில திணிச்ச லட்டைத் தூக்கிக் காட்டுச்சு என் வருங்காலப் பொண்டாட்டி, ஆமான்னு.

கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. உண்மை என் பொண்டாட்டிக்குத் தெரியும், எங்க அம்மாவுக்கும் சொல்லியாச்சு. மாமியாருக்கு மட்டும் சொல்ற தைரியம் இன்னும் வரல.

வருஷா வருஷம் ஆடி மாசம் அவுங்க எனக்காக வேண்டிக்கிட்டு கூழ் ஊத்துறாங்க, முதல் சொம்பை நான்தான் குடிக்கணும்.